போன வருஷக் கல்யாணப் பலகை

வீட்டில் ஒரு டிசைனர் இருந்தால், கல்யாணத்தில் அவனை வாழை மரம் கட்டச் சொல்லலாம். அதோடு நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

அக்காவுக்கு லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கைபேசி காட்டும் வழியை நம்பினால் எண்ணெய் ஆலைக்குள்தான் போய் நிற்க வேண்டும். அதனால் ஊர் வழக்கப்படி சந்திக்குச் சந்தி மணமக்கள் பெயரும் அம்புக்குறியும் போட்ட பலகை. நானே செய்கிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

அப்போது சிங்கப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்த புதிது. படச் சுவரொட்டிக்கென்றே செய்த ஓர் ஆங்கில எழுத்துருவின் மேல் எனக்குப் பைத்தியம். காய்ந்த தூரிகையால் அவசரமாக இழுத்ததுபோல் சாய்ந்த எழுத்து. ஓரமெல்லாம் அரித்து, நடுவில் சுரண்டி, மை உதிர்ந்து கிடக்கும். அதில் அக்காவின் பெயரைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

"என்னடா, மெஷின்ல மை தீந்துபோச்சா?" என்றார் அப்பா. ரசனை இல்லாத மனிதர் என்று மன்னித்தேன்.

எங்கள் பக்கம் பலகையைக் கட்டுவார்கள், அவிழ்க்க மாட்டார்கள். பிள்ளைக்கு முடி இறக்கும்வரைகூட அது வெயிலிலும் மழையிலும் தொங்கும். இதை நான் யோசிக்கவே இல்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேனைக் காணோம். முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமா கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா வந்துட்டோம் லா. இது மலாய்க்காரங்க கல்யாண வீடு. சாப்பிடாம விடமாட்டேங்கிறாங்க. மாப்பிள்ளை ரோஸ் சிரப் குடிச்சிக்கிட்டிருக்காரு."

"ரோட்டுல நம்ம பலகை இருந்துச்சே மாமா?"

"ஏதோ போன வருஷக் கல்யாணப் பலகைதான் கெடந்துச்சு. சாயமெல்லாம் போயி, ஓடுற வேன்ல பேரே தெரியல. அடுத்தது பளிச்சுனு இருந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிட்டோம்."

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அழுது, கண் மை கன்னத்தில் கோடு கோடாக இறங்கியது. (அப்போதும் அந்தக் கோடுகளின் ஓரம் நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.) பிறகுதான் பயம் வந்தது. கல்யாணம் நின்றுபோனால் என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களை அழைத்துவர ஓடினேன்.

முகூர்த்தம் முடிய இருந்த கடைசி நேரத்தில் தாலி ஏறியது. மலாய்க்காரர்கள் கல்யாண விருந்தாளிக்குக் கொடுக்கும் வழக்கப்படி அன்போடு கொடுத்த அலங்கார முட்டை அதுவரை மாப்பிள்ளை கையில்தான் இருந்தது. அம்மா அதை வாங்கி, ஐயர் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சில வருடம் கழித்து அதே மண்டபத்தில் என் கல்யாணம். பலகைகளை அக்காவே செய்தாள். குண்டு குண்டான நேர் எழுத்து. கீழே சிவப்பில் 'கல்யாணம் இன்றுதான்!'. ஒருவரும் வழி தவறவில்லை.

அதில் ஒன்றை இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை. வெயில் அரித்து, மழை சுரண்டி, கம்பம் சரிந்து எழுத்தும் சாய்ந்துவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அக்கா காரை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்குவாள்.

"பாருடா, இப்பதான் உன் எழுத்து வந்திருக்கு."