கேப்டன் ஆதிரை திரும்பி வந்ததும் மோதிரம் கழன்றதும்

திருப்பருத்திக்குன்றம்,
புதன்கிழமை காலை.

வந்தவாசியில் குடும்ப சமேதராய்ச் சீரும் சிறப்புமாக இருந்துவரும் மதிப்புக்குரிய சம்பந்தி ஸ்ரீபால் நயினார் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஜினேந்திரன் தன் மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொண்ட கடிதம். ஜெய் ஜினேந்திரா. இப்படி எழுதும்போதெல்லாம் என் பெயருக்கு நானே ஜெயம் போட்டுக்கொள்வது போலக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது, அப்பா வைத்த பெயர். இங்கே நானும் என் மனைவி ரத்னமாலாவும் நலம். தங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மகள் சம்யுக்தாவின் நலத்தை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நான் போனைக் கையில் எடுத்தாலே அவள் கதவோரம் வந்து நின்றுகொள்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டபோது தாங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு நயினாரே, சண்டையே வராது பாருங்க" என்றீர்கள். அந்த ஒரே பொழுதுபோக்குதான் இப்போது நம் இரண்டு குடும்பத்தின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் 'சனி வளையம்' என்று பெயர். இருபத்தைந்து வருடமாகத் தொலைக்காட்சியில் ஓடும் விஞ்ஞானத் தொடராம். நான் ரொம்ப காலம் அதைச் சனிப்பெயர்ச்சிப் பலன் சொல்லும் நிகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன். மேற்படி தொடரில் சனி கிரகத்தைச் சுற்றி ஒரு நிலையம் மிதக்கிறது. அதற்கு ஆதிரை என்று ஒரு பெண் கேப்டன். பதினோரு வருடத்துக்கு முன் அவள் வளையத்துக்குள் போய்க் காணாமல் போய்விட்டாள். அன்று என் மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அழுதாள். அந்தக் கேப்டன் வெள்ளி விழாச் சிறப்புப் பகுதியில் திரும்பி வருகிறாள் என்று மூன்று மாதமாக விளம்பரம். வருவது அசல் கேப்டன்தானா, இல்லை வளையத்துக்குள் இருக்கும் இயந்திரக் கூட்டம் செய்து அனுப்பிய நகலா என்பதுதான் கேள்வி. நாற்பது வருடம் அசல் பத்திரத்தையும் நகல் பத்திரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவன் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஒளிபரப்பு. நம் வீட்டு டிவி பெரிது என்பதால் எல்லாரும் இங்கேதான் பார்ப்பது என்று தங்கள் குமாரர் ரிஷபும் என் மகளுமாக முடிவு செய்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு வேனில் பதினோரு ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் நிலையத்துச் சீருடை. பட்டுக்கடையில் வேலை செய்கிற பாலாஜி என்ற பையன், மிச்சம் விழுந்த சரிகைத் துண்டுகளைச் சேர்த்துவைத்து எல்லார் கைப்பட்டையிலும் தைத்திருக்கிறான். இதுகள் வெயிலில் மின்னிக்கொண்டு வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கும் கண்ணாயிரம் ஓடிவந்து, "கல்யாணம் தையிலன்னு சொன்னியே நயினார், பேண்டு செட்டு இப்பவே வந்துட்சே" என்கிறான்.

சம்பந்திக்குச் சொல்லத் தேவையில்லை, சமணக் குடும்பங்கள் நாம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. நம் வீட்டுக்கு வந்தவர்களையும் பசியோடு அனுப்புவதில்லை. எனவே ஆறு மணிக்குள் பதினான்கு இலை போட்டாக வேண்டும். ரத்னமாலா மத்தியானத்திலிருந்து நின்றபடியே புளியோதரை, தயிர்சாதம், வாழைக்காய் பொரியல், பாயசம் எல்லாம் தயார் செய்து இலையும் போட்டுவிட்டாள். ஐந்தே காலுக்குக் கூப்பிட்டேன். ஒரு தலையும் திரும்பவில்லை. ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். "விளம்பரத்துல வர்றோம் மாமா" என்றது ஒரு குரல். விளம்பரம் வந்தது. விளம்பரத்தையும் உட்கார்ந்து பார்த்தார்கள், அதிலும் கேப்டன் வருகிறாளாம். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தால் சூரியன் எதிர்வீட்டுத் தென்னைமரத்தின் பாதிக்கு வந்துவிட்டது. திரும்பி வந்து, "இந்த நிலையத்தில் சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும், இவர்கள் எல்லாம் எப்போதுதான் சாப்பிடுகிறார்கள்?" என்று நியாயமாக ஒரு கேள்வி கேட்டேன். "அங்க எல்லாரும் மாத்திரைதான்பா சாப்டுவாங்கோ, கொஞ்சம் சும்மா இரேன்பா" என்றாள் சம்யுக்தா. மாத்திரையே ஆனாலும் பொழுது போனபின் போடலாமா என்று கேட்டதற்கு மேரி என்ற டீச்சரம்மா உதட்டில் விரலை வைத்து என்னை உஷ் என்றது. என் வீட்டில், என் டிவிக்கு முன்னால், என்னை.

அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போயிற்று. மணி ஐந்து நாற்பத்தெட்டு. யாரால் போயிற்று, எதனால் போயிற்று என்று ஆராய்வது நம் போன்ற பெரியவர்களுக்கு அழகல்ல. கேப்டன் கைதியாக நிலையத்துச் சோதனை இயந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அசலா நகலா என்று சோதிக்கப் போகிறார்கள், அந்த இடத்தில் திரை இருண்டது. பதினோரு பேரும் ஒரே குரலில் ஊளையிட்டதில் அடுக்களையில் ரத்னமாலா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அப்பா, கண்ணாயிரம் மாமா வூட்ல கரன்ட் இருக்குதா பாத்துட்டு வாப்பா" என்று மகள் துரத்தியதால் நான் போனேன். அங்கும் நிலைமை திருப்தியாக இல்லை என்று வந்து சொன்னேன். நான் திரும்பி வருவதற்குள், வேறு வழியில்லாமல் எல்லாரும் இலையில் உட்கார்ந்து, பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இந்த அலைச்சலில் நான் ஒருவன் மட்டும் அன்று சாப்பிடவில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை, தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆறு ஐந்துக்கு மின்சாரம் வந்தபோது சோதனை முடிந்துபோயிருந்தது. கேப்டன் ஒரு மூடிய கதவுக்கு முன் தனியாக நிற்கிறாள், பின்னணியில் வீணை. அவ்வளவுதான். போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். வரும் ஞாயிறு மறு ஒளிபரப்பு முடிந்த பிறகுதான் போனில் போடுவார்களாம். அதுவரை யாராவது திருட்டுத்தனமாக எடுத்து அனுப்பும் துண்டுப் படங்களைப் பார்ப்பதில்லை என்று இவர்கள் சங்கத்தில் விரதமாம். பார்க்கத்தான் கூடாது, மற்றவர்கள் பார்த்துவிட்டு எழுதுவதைப் படிக்கலாம். படித்தார்கள். உலகத்தில் உள்ள ரசிகர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டார்கள். ஒருத்தர் துரோகம் என்கிறார், ஒருத்தர் கண்ணீர் நிற்கவில்லை என்கிறார், ஒருத்தர் கதை எழுதினவரின் விலாசம் கேட்கிறார். பாலாஜி விம்மி விம்மி அழுகிறான், எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. மேரி டீச்சர் கைப்பட்டையைப் பிய்த்து என் மேஜை மேல் போட்டது. பார்க்காத ஒன்றுக்காக இத்தனை பேர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதில் மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி, "அது கேப்டன் இல்ல சம்யு, காப்பி. தட்டுல சாப்பாடு வெச்சாங்களாம், தொடவே இல்லையாம். பசிக்காதவ எப்டி மனுஷி?" என்றார். என் மகள், "துக்கத்துல இருக்கறவளுக்குச் சோறு எறங்குமா? பதினோரு வருஷம் எங்கயோ கெடந்துட்டு வந்தவள ஒரே நிமிஷத்துல காப்பின்றியே" என்றாள். "நான் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க" என்றார் அவர். "எல்லாரும் சொன்னா நீயும் சொல்லுவியா? நாளைக்கு நான் எங்க அப்பா வூட்டுக்கு வந்து பத்து நாள் தங்கிட்டுத் திரும்புனா, இது என் பொண்டாட்டி இல்ல, காப்பின்னு வாசல்லயே நிறுத்திடுவ" என்று சொல்லி, நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை மோதிரத்தை எடுக்கவில்லை. வேனில் ஏறிவிட்டார். மற்றவர்கள் பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சம்பந்தி, நான் நெஞ்சில் கைவைத்துக் கேட்கிறேன், இது நியாயமா? பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது, பத்திரிகை மாதிரி அச்சகத்தில் தயாராக இருக்கிறது. ஒரே பெண். அவள் மூன்று நாளாக என்னோடும் பேசுவதில்லை, அவள் அம்மாவோடும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை நகர்த்திவிட்டுப் போகிறாள். பிறக்காத ஒருத்தி, யாரோ சம்பளத்துக்கு எழுதிய ஒருத்தி, அவள் அசலானால் என்ன, நகலானால் என்ன? அவள் தட்டைத் தொட்டால் நமக்கென்ன, தொடாவிட்டால் நமக்கென்ன? படித்த பிள்ளைகள் இதற்காகவா ஒரு கல்யாணத்தை நிறுத்துவது? தாங்கள் மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, சம்யுக்தாவை ஒரே ஒருமுறை போனில் கூப்பிடச் சொல்லுங்கள். அவள் அசல் என்று சொன்னால் இவரும் அசல் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், என்ன குறைந்துவிடும்? மோதிரத்தை நான் பத்திரமாக பீரோவில், என் பழைய பத்திரக் கட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அவர்கள் சமாதானம் ஆன அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். தீர்த்தங்கரர் அருளால் எல்லாம் நல்லபடி முடியட்டும். இக்கடிதத்தில் அடித்தல் திருத்தல் இல்லை.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஜினேந்திரன்

பி.கு. மேலே கண்டதை எழுதி உறையில் போடும்போது சம்யுக்தா சிரித்த முகத்தோடு வந்தாள். "நேத்தே பேசிட்டோம்பா, மோதிரத்தைக் குடு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பீரோ சாவியை எடுத்துக்கொண்டே, என்ன சமாதானம் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ரிஷப் சொல்றதுதாம்பா கரெக்ட்டு. யோசிச்சுப் பாத்தேன், அவ காப்பிதான்" என்றாள். சாவியை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

சம்பந்தியிடம் மறைப்பது தர்மம் அல்ல. அன்று மின்சாரம் தானாகப் போகவில்லை. நான்தான் மெயினை இறக்கினேன். பதினான்கு இலையும் சோறும் காத்திருக்க, சூரியன் எனக்காகக் காத்திருக்குமா? திரும்ப மெயினை ஏற்றிவிட்டு வந்தபோது என் கையெல்லாம் ஒட்டடை. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கண்ணாயிரம் வீட்டில் மின்சாரம் நன்றாகவே இருந்தது. "வா நயினார், உக்காரு" என்றான். உட்காரவில்லை, நிலைப்படியில் நின்றபடியே பார்த்தேன். முழுவதும் பார்த்தேன். அதனால்தான் எனக்கு அன்று சாப்பாடு இல்லாமல் போயிற்று. அந்தச் சோதனை இயந்திரங்கள் அவள் முன்னால் ஒரு தட்டை வைத்து, சாப்பிடு என்கின்றன. எடுக்கத்தான் கையை நீட்டுகிறாள். நீட்டியவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். சூரியன் சனிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் போகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போனதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பசியோடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சம்பந்தி. பதினோரு வருடம் அத்தனை தூரத்தில் தனியாகக் கிடந்தும் விரதத்தை விடவில்லை. அவள் அசல். அசல் மட்டுமல்ல, நம்மவள்.

பொழுது போனபின் சாப்பிடாத பெண் இயந்திரம் என்றால், என் மனைவி யார், தங்கள் வீட்டு அம்மா யார்? இந்த எண்ணத்தோடு இருக்கும் வீட்டுக்குப் பெண் கொடுப்பதை நான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு மறு ஒளிபரப்பு. தாங்கள் முழங்கால் வலியைப் பார்க்காமல் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துசேருங்கள். இலை நாலு மணிக்கே போட்டுவிடுவோம், இந்த முறை மின்சாரம் போகாது. மாப்பிள்ளை அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்து, அவள் அசல்தான் என்று கண்ணாயிரத்தைச் சாட்சியாக வைத்து வாயால் சொல்லட்டும். அதுவரை மோதிரம் என் பீரோவில்தான் இருக்கும். என் மகள் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இப்போதுகூடக் கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஜி.