மேல் வகுப்புக்குப் போன உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மாவை என்னிடமிருந்து பிரித்துவிட்டார்கள். பதறாதே, வீட்டில் ஒன்றாகத்தான் இருக்கிறோம். உடம்புக்கும் ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். பிரித்தது மாலைநேர ஆங்கில வகுப்பில்.

தமிழ் தெரியாத மாப்பிள்ளையோடு நாங்கள் நாலு வார்த்தை பேசட்டும் என்று நீதான் சேர்த்துவிட்டாய். டீச்சர் எடுத்த எடுப்பிலேயே முன்னொட்டு, பின்னொட்டு என்று ஆரம்பித்தார். ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஒட்டினால் புதுச்சொல் கிடைக்குமாம். எனக்கா தெரியாது? ஆயுள் முழுக்கக் குழாய் மாட்டியவன். அட்டையை வெட்டி, நடுவில் 'ஹேப்பி', முன்னால் மாட்ட 'அன்', பின்னால் மாட்ட 'நெஸ்' என்று ஒரு பெட்டி நிறையச் செய்தேன். சாப்பாட்டு மேசையில் உன் அம்மாவும் நானும் மாட்டிக் கழற்றி, கழற்றி மாட்டிப் படித்தோம். பரீட்சையிலும் அப்படியே மாட்டினேன். 'சேட்' என்றால் துக்கம். துக்கமில்லாதவனுக்கு 'அன்சேட்' என்று எழுதினேன். தப்பாம்! ஏனம்மா என்று கேட்டால், "ஐயா, பொருந்துது, ஆனா அப்படி யாரும் பேசறதில்லையே" என்கிறார். "நான் பேசறேனே, நான் ஆளில்லையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்க செஞ்ச வார்த்தை நம்ம வீட்ல செல்லும், வெளியில செல்லாது, உக்காருங்க" என்றாள். கடைசியில் அவள் தேறி, இன்று முதல் மேல் வகுப்பு. எனக்கு அதே பெஞ்சு. திருத்தி எழுதினால் மறுபரீட்சை உண்டாம். பொருந்தியதை எதற்குக் கழற்றுவது? முடியாது என்றுவிட்டேன். என் பக்கத்தில் ஒரு தையற்காரரை உட்கார்த்தியிருக்கிறார்கள். தங்கமான மனிதர், ஆனால் நான் திணறும்போது உதடசைத்துக் காட்டத் தெரியாது. இனிமேல் மாப்பிள்ளை போன் செய்தால் அவரும் உன் அம்மாவும் பேசிச் சிரிப்பார்கள். நான் எல்லாம் முடிந்தபிறகு "என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஆகவே, நீ டீச்சரிடம் பேசி அம்மாவைப் பழைய வகுப்புக்கே அனுப்பச் சொல். டீச்சர் என் சொல்லை ஒப்புக்கொள்ளட்டும். தையற்காரர் வேறு பெஞ்சு பார்க்கட்டும். மாப்பிள்ளை ஒரே ஒருமுறை, பேச்சுவாக்கில், 'அன்சேட்' என்று சொன்னால் போதும். பேசுகிற ஆள் இருவராகிவிடும்.

இருவரும் மனம்போல் வாழ்க.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத அப்பா

பி.கு.: யாரும் எதுவும் செய்ய வேண்டாம். குடை கொடுக்கப் போகிறவன்போல் மேல் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உன் அம்மா பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருந்தாள். உட்கார வந்தவர்களிடமெல்லாம், "ஆள் வருது" என்றாள். மறுபரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.