பிரதம அதிதியின் கடவுச்சொல்

தரவுப் பாதுகாப்பு என்னும் அருங்கலையை உலகமே வந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது மடவளைக்கு மேலே, பஸ் மூச்சுவாங்கி நிற்கும் திருப்பத்தில் உள்ள பாடசாலையின் கணினிக்கூடம்தான். அங்கே வைரஸ் நுழைந்ததில்லை. திருடன் நுழைந்ததில்லை. அதிபர் றவூப் சேரின் தளராத முயற்சியால் மாணவர்களும் அதிகம் நுழைந்ததில்லை.

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு செயலமர்வு இருக்கிறது. கண்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த 'இயங்குதளமும் தரவுப் பாதுகாப்பும்: அடிப்படைகள்' செயலமர்வை றவூப் சேர் பகல் சாப்பாடு வரை ஆழ்ந்து கவனித்தார். கடைசியில் வந்த இனிப்பான வட்டிலப்பத்துக்குப் பிறகு கவனித்ததற்குச் சாட்சி இல்லை. வந்த கையோடு கணினி ஆசிரியை இன்ஷிராவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பென் டிரைவ் எல்லாத்தையும் வாங்கி அலுமாரியில போட்டுப் பூட்டுங்க. வைரஸ் அதுலதான் வருது."

"சேர், புள்ளைகள்ட வேலையில ஒரு பிரதி வெளிய இரிக்கணும். அதுதான் பாதுகாப்பு."

"வெளிய இருந்தா அது எப்பிடிப் பாதுகாப்பு?"

இன்ஷிராவுக்குப் பதில் தெரியும். ஆனால் கேள்வியின் கம்பீரத்துக்குப் பணிந்து அலுமாரிச் சாவியை எடுத்தாள்.

ஆக, மாணவர்களின் வேலைகள் எல்லாம் ஒரே கணினிக்குள் குடியேற்றப்பட்டன. இயங்குவதும் அது ஒன்றுதான். மற்றவை, வந்த நாளில் போர்த்திய பொலித்தீனுக்குள் புதுமை குலையாமல் ஓய்வெடுத்தன. குடியேறியவற்றுள் நதாவின் மென்பொருளும் ஒன்று. ஹுன்னஸ்கிரிய பஸ் எங்கே வருகிறது என்று பயணிகளே ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் மென்பொருள் அது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. பாடசாலை விட்ட பிறகு தங்கியிருந்து மாதக்கணக்கில் எழுதினாள். மாகாணப் போட்டியில் வென்றால் ஒரு மடிக்கணினி கிடைக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பக் கடைசி நாள். அந்த மடிக்கணினியை நதாவின் கையில் பார்க்க அவளைவிட இன்ஷிராவுக்குத்தான் ஆசை அதிகம்.

மிச்சம் இருந்தது கடவுச்சொல்.

"புதுசா ஒண்டு நான் போட்டுர்றேன் சேர்," என்றாள் இன்ஷிரா.

றவூப் சேர் ஆடிப்போனார். "நீங்களா? பிரதம அதிதி இல்லாமலா?"

நியாயம்தானே. தண்ணீர்த் தாங்கிக்கே சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்து நாடா வெட்டிய பாடசாலை அது. மலசலகூடத்துக்கும் நாடா வெட்டி, கைதட்டி, படம் பிடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கடவுச்சொல் மட்டும் என்ன அநாதையா?

புதன்கிழமை கல்விப் பணிப்பாளர் சுந்தரலிங்கம் வந்தார். பேண்ட் வாத்தியம் முழங்கியது. 'கடவுச்சொல்லை வீட்டாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வாசலில் பேனர் தொங்கியது. கதிரைக்கு வெள்ளைத்துணி விரித்தார்கள். இன்ஷிரா திரையில் இரண்டு கட்டங்களைக் காட்டி, "இதுல ஒருக்கா, இதுல அதையே திரும்ப ஒருக்கா அடிங்க சேர்," என்றாள். மறந்தால் ஞாபகப்படுத்தக் குறிப்பு ஒன்றையும் கணினி கேட்டது. அதில், அதிபர் சொன்னபடி 'பிரதம அதிதி' என்று அவளே அடித்து வைத்தாள்.

கடவுச்சொல் இரகசியமல்லவா? றவூப் சேர் கையசைத்ததும் கூடியிருந்த அத்தனை பேரும் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். படம் பிடித்தவரும் திரும்பிவிட்டதால் அந்த வரலாற்றுப் படத்தில் சுவர்தான் இருக்கிறது. பிறகு கைதட்டல். கணினிப் பெட்டிக்குப் பணிப்பாளரின் பொற்கரத்தால் அரக்கு முத்திரை. கட்லட், தேநீர், கார்.

மறுநாள் காலை கணினி கடவுச்சொல் கேட்டபோதுதான், அதைத் தெரிந்த பணிப்பாளர் கண்டிக் கந்தோரில் வேலையில் இருப்பது இன்ஷிராவுக்கு உறைத்தது. போன் எடுத்தாள்.

"சேர், அந்தக் கடவுச்சொல்லக் கொஞ்சம் செல்லுங்களே. புள்ளைட போட்டி இரிக்கி."

"என்ன டீச்சர் பேசுறீங்க? வீட்டு ஆளுககிட்டகூட சொல்லக் கூடாதுன்னு ஒங்க பேனர்லதானே போட்டிருந்திச்சு!"

"அப்ப வந்தாவது அடிச்சித் தாங்க சேர்."

"அழைப்பிதழ் அனுப்பச் சொல்லுங்க. பாப்போம்."

இன்ஷிரா அதிபரிடம் ஓடினாள். "பெட்டியக் கழட்டி, டிஸ்க்க வெளிய வேற கணினியில போட்டா எடுக்கலாம் சேர்."

"பணிப்பாளர்ட முத்திரைய ஒடைக்கவா?"

"இல்லாட்டி வேற இயங்குதளம் ஒண்ட பென் டிரைவ்ல போட்டு..."

"பென் டிரைவா!" றவூப் சேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தேநீருக்குப் போன நேரம் இன்ஷிரா பணிப்பாளரின் பெயரை அடித்துப் பார்த்தாள். கந்தோரின் பெயரை அடித்தாள். கணினி பொறுமையாகக் குறிப்புக் கொடுத்தது: பிரதம அதிதி.

வெள்ளிக்கிழமை போனது. நதா வழக்கம்போல் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூட்டிய கூடத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஷிராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"பரவாயில்ல டீச்சர்," என்று பிள்ளைதான் தேற்றினாள். "நீங்க வீட்ட போங்க."

அடுத்த மாதம் 'மிகப் பாதுகாப்பான கணினிக்கூடம்' என்ற கேடயத்தோடு பணிப்பாளர் மறுபடி வந்தார். மறுபடி பேண்ட். மறுபடி வெள்ளைத்துணி. கணினியைத் திறந்து வைக்குமாறு அவரை வேண்டிக்கொண்டு, சபை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியது.

நதா மட்டும் திரும்பவில்லை.

பணிப்பாளர் ஒரு விரலை உயர்த்தினார். அது எழுத்துகளுக்கு மேல் தயங்கித் தயங்கிச் சுற்றியது. பிறகு கீழே கிடந்த ஆக நீளமான கட்டையில் இறங்கி, ஒரேயொரு தரம் தட்டியது. சுவரைப் பார்த்தபடியே இன்ஷிரா கை நீட்டி என்டரை அழுத்தினாள். கணினி திறந்துகொண்டது.

"டீச்சர்," என்றாள் நதா, "ஸ்பேஸ் பார். அவ்வளவுதான். எழுத்து ஒண்டுமே இல்ல."

சபை திரும்பியது. பணிப்பாளர் ஒரு கணம் கேடயத்தைப் பார்த்தார். "இருக்கிறதுல பெருசு அதுதானேம்மா," என்றார், பெரிய மனிதர்களுக்கே உரிய எளிமையோடு.

றவூப் சேர் துள்ளிக் குதித்தார். "பாத்துட்டா! கடவுச்சொல்லப் பாத்துட்டா! டீச்சர், தரவுக் கசிவு!"

பாடசாலையின் முதலாவது பாதுகாப்பு மீறலாக நதாவின் பெயர் பதியப்பட்டது. கணினி அன்றே பூட்டப்பட்டது. புதிய கடவுச்சொல்லுக்கு இன்னும் பெரிய அதிதி ஒருவரைத் தேடுகிறார்கள். கேடயம் கூடத்து வாசலுக்கு மேலே தொங்குகிறது. 'இங்கிருந்து எந்தத் தரவும் வெளியே போனதில்லை' என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது.

உண்மைதான். நதாவின் மென்பொருளும் போகவில்லை.