கார்பைனில் டார்ச் எந்தப் பக்கம்?

"இடது பக்கம் மாட்டு தம்பி. கட்டைவிரல் தானாப் போய் சுவிட்ச்சுல உக்காரும்" என்றார் பக்கத்து வீட்டு ஹாலிஸ். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். துப்பாக்கி விஷயத்தில் அந்த ஒஹையோ ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம்.

சாப்பாட்டு மேஜையில் கார்பைன் என்ற அந்தக் குட்டைத் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு வெர்லின் தலையாட்டினான். காலையில் நிலவறைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், மனைவி லோர்னா அடைத்து வைத்த பீச் பழ ஜாடி ஒன்று படியடியில் சிதறிக் கிடந்தது. உள்ளே விளக்கும் எரியவில்லை. ஜன்னலே இல்லாத அறை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

"பல்பை மாத்தேன்" என்றாள் லோர்னா.

"பல்பு அந்தக் கோடியில இருக்கு. அவனைத் தாண்டித்தானே போகணும்?"

"எவனை?"

"ஜாடியை ஒடைச்சவனை!"

லோர்னாவின் முகம் வெளுத்தது. "சாயங்காலத்துக்குள்ள அவனை விரட்டு. இல்லேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அப்புறம் திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். ஆணி ஆணியாகத் தன் கையால் அடித்துக் கட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் வெர்லின் டார்ச்சைக் கையில் எடுத்தான்.

"ரொம்ப முன்னாடி கொண்டு போகாதே, கதவுல இடிபடும்" என்றார் ஹாலிஸ். "குழல் நுனியில நிக்குதே குறிமுள்ளு, அதுக்குப் பின்னாடி பத்திரமா மாட்டு."

வெர்லின் மாட்டினான். இறங்கினான். சுவிட்ச்சை அமுக்கினான்.

வலது பக்கம், ஜாடி அலமாரி ஓரமாக ஒருவன். தடித்த தோள், சின்னத் தலை, அதன் மேல் விறைப்பாக இரண்டு காது.

பன்னிரண்டு படியையும் மூன்று எட்டில் ஏறி வந்தான் வெர்லின். "அண்ணே! வலது பக்கம் நிக்கிறான்! ஓநாய் மாதிரி காது!"

"வலது பக்கமா? அப்போ டார்ச்சையும் வலது பக்கம் மாத்து. நேரா மூஞ்சியில அடிக்கும்."

லோர்னா பரண்மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள்.

வெர்லின் மறுபடி இறங்கினான். மறுபடி ஓடி வந்தான். "இப்ப இடது பக்கம் நிக்கிறான்!"

"கில்லாடிப் பய. உன் லைட்டு எங்கன்னு பாத்து எடம் மாறுறான்."

"கை நடுங்குச்சுண்ணே. அவனும் நடுங்கினான்."

"பயந்துட்டான்! விடாதே. குழலுக்கு மேல மாட்டு. ரெண்டு பக்கமும் தப்பிக்க முடியாது."

மேலே மாட்டியபோது அவன் தரைக்குள்ளிருந்து எழுந்து வந்தான். லோர்னா இரண்டாவது பெட்டியை இறக்கினாள். அடியில் மாட்டியபோது கூரையிலிருந்து தொங்கினான். அதைக் கேட்டதும் ஹாலிஸுக்கு வீட்டில் அடுப்பை அணைக்காதது நினைவுக்கு வந்துவிட்டது. தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"ஒருத்தன் இல்ல லோர்னா" என்றான் வெர்லின். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "நாலு பேர்."

லோர்னா இரண்டு பெட்டிகளையும் பூட்டி வாசலில் வைத்தாள். பிறகு ஷெரீப் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

வந்தவள் ட்வைலா என்ற இளம் போலீஸ் அதிகாரி. கையில் ஒரு சின்ன டார்ச்சோடு இறங்கியவள், ஐந்து நிமிஷத்தில் பல்பையே மாற்றிவிட்டு மேலே வந்தாள்.

"யாருமில்ல சார். ஜாடி புளிச்சுப் பொங்கித் தானா வெடிச்சிருக்கு."

"என் ஜாடியா புளிக்கும்?" என்று சீறினாள் லோர்னா. திருடனைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அவமானம்.

"நாலு தடவை இந்தக் கண்ணால பாத்தேம்மா! கடைசியா ஒருத்தன் கூரையில தொங்கினான்!" என்றான் வெர்லின்.

ட்வைலா கார்பைனை வாங்கித் தோட்டாவை எல்லாம் கழற்றினாள். ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தாள். இருவரையும் படிக்கட்டு வரை கூட்டிப்போய், பல்பை அணைத்து, காலியான துப்பாக்கியை எதிர்ச்சுவரை நோக்கிப் பிடித்து டார்ச்சைப் போட்டாள்.

கூரையிலிருந்து அவன் தொங்கினான்.

"அதோ! அவனேதான்!" வெர்லின் ட்வைலாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். லோர்னா வெர்லினின் முதுகுக்குப் பின்னால்.

ட்வைலா குழல் நுனியில் இரண்டு காப்புத் தகடுகளுக்கு நடுவே நின்ற குறிமுள்ளின் மேல் ஒரு விரலை வைத்தாள். தொங்குகிறவனின் தலையில் மூன்றாவதாக ஒரு காது முளைத்தது. விரலை எடுத்தாள். காது மறைந்தது.

"துப்பாக்கிக்கு முன்னாடி யாருமே நிக்கல சார்" என்றாள் அவள். "டார்ச்சுக்கு முன்னாடி உங்க துப்பாக்கிதான் நிக்குது."