இரு, இப்ப வருது பாரு!

படம் பார்ப்பவர்களில் மூன்று ஜாதி உண்டு. முதல் ஜாதி படம் பார்க்கும், கொட்டாவி விடும், பாதியில் தூங்கிப்போகும். அவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டாம் ஜாதி பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கும். தனியாகப் பார்த்துத் தனியாக உருகும் வரை அவர்களையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஜாதிதான் ஆபத்தானது. இவர்கள் தாங்கள் அறுபது தடவை பார்த்த ராக் கச்சேரிப் படத்தைப் போட்டு, அதை ஒரு தடவையும் பார்க்காத அப்பாவி ஒருவரைப் பிடித்து எதிரே உட்காரவைத்து, அந்த அப்பாவியின் முகத்தைப் பார்ப்பார்கள்.

திரைப் பக்கம் திரும்புவார்களா? மாட்டார்கள். அதில் புதிதாக என்ன நடந்துவிடப் போகிறது?

இந்த இனத்தின் வீட்டை நீங்கள் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். சோபா திரையைப் பார்த்து இருக்கும். ஒரே ஒரு நாற்காலி மட்டும் சோபாவைப் பார்த்து இருக்கும். இரண்டு மூலையிலும் ஆளுயர ஸ்பீக்கர் காவல் நிற்கும். தாகம் என்று தண்ணீர் கேட்டால், “இருங்க, இந்தப் பாட்டு முடியட்டும்” என்று பதில் வரும். அந்தப் பாட்டு பதினாலு நிமிஷம்.

உதாரணத்துக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை எடுத்துக்கொள்வோம். வேலையில் தங்கமான மனுஷர். பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் இவரைத்தான் அனுப்புவார்கள். மூடிய கதவில் காதை ஒட்டி வைத்து, உள்ளே இருப்பவர் அழுவதையும் திட்டுவதையும் நேர்ந்துகொள்வதையும் ஒன்று விடாமல் கேட்டு, “ஆமாங்க, சொல்லுங்க, நான் இங்கதான் நிக்கிறேன், எங்கயும் போகல” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் காரியத்தைப் பார்த்து இறக்கிவிடுவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இவ்வளவு காது கொடுக்கிறவர்தான். இவருடைய சோபாவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

இவருடைய துணி அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: ‘கட்டாயம் திரும்பப் பார்க்கவேண்டியவை’. மொத்தம் பதினேழு. கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டு அதன்பிறகு ஒன்பது கடைசிக் கச்சேரி நடத்திய குழுவின் படம் அதில் உண்டு. ஒரு பாட்டுக்கூடப் பாடாமல், ஒலிப்பதிவு அறையில் நாலு பேர் தொண்ணூறு நிமிஷம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கும் படம் உண்டு. கேமராக்காரர் கூட்டத்தில் நசுங்கியதால் டிரம்மரின் இடது முழங்கை மட்டுமே தெரியும் படமும் உண்டு. “அந்த முழங்கைக்காகவே பாக்கணுங்க” என்பார்.

பட்டியலில் முதல் இடம் மழைப் படத்துக்கு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மைதானத்தில், கொட்டுகிற மழையில், நாலு பேர் நனைந்துகொண்டே வாசித்த கச்சேரி. ஓடும் நேரம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம். அறுபத்து மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. ஒருநாள் பார்த்து முடித்துவிட்டு, முகம் வாடி, “போன தடவை இதைவிட நல்லா வாசிச்சான்” என்றாரே, அப்போதுதான் அவர் மனைவிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அந்த மனைவிக்கு ஒரு தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அக்காவைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. வேறெங்கோ போகிற வழியில், இந்த ஊரில் விமானம் மாறவேண்டியிருந்தது; நடுவில் சில மணி நேரம் கிடைத்தது. போனில், “உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்க்கா. போன்ல வேணாம், நேர்லயே சொல்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்படிச் சொல்லிவிட்டு வைத்தால் ஒரு அக்கா என்ன ஆவாள்? மூன்று நாள் அவளுக்குத் தூக்கமில்லை. கடை நஷ்டமா, உடம்பு சரியில்லையா, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவதா என்று அடுப்பைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். அடுப்பு புதிதுபோல் ஆனது. யோசனை மட்டும் தீரவில்லை.

“இங்க பாருங்க,” என்றாள் புருஷனிடம். “ஒரு மணிக்கு வர்றான், நாலரைக்கு டாக்ஸி. அவன் என்னமோ சொல்லணுங்கறான். இன்னிக்குப் படம் கிடையாது.”

“சேச்சே. நான் என்ன அவ்வளவு விவஸ்தை கெட்டவனா?”

நியாயமாகச் சொல்லவேண்டும்: அவர் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார். சாப்பிடும்போது வானிலை பேசினார். விமானத்தில் ஜன்னல் சீட்டா என்று கேட்டார். ரிமோட்டை எடுத்து, தன் கைக்கு எட்டாத இடம் என்று நம்பி, மெத்தைக்கு அடியில் வைத்தார். அக்கா டீ போட உள்ளே போனாள். டீயோடு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கவேண்டும் என்பது அவள் திட்டம்.

அந்தச் சின்ன இடைவெளியில், மௌனமாக இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று, தம்பி ஸ்பீக்கரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, இன்னும் அந்த மழைப் படம் பாக்கறீங்களா?”

தொலைந்தான்.

“ஒரே ஒரு பாட்டு, மாப்ள. உங்க அக்கா டீ கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

மனுஷர் பொய் சொல்லவில்லை. ஒரு பாட்டைத்தான் காட்ட நினைத்தார்; அதில் வரும் ஆறு நிமிஷக் கிடார் வாசிப்பைத்தான். ஆனால் அந்த வாசிப்பின் அருமை தெரியவேண்டுமானால், அதற்கு முந்தின பாட்டில் கம்பி அறுவதைப் பார்த்தாகவேண்டும். கம்பி ஏன் அறுந்தது? கிடார்காரர் கோபத்தில் இருந்தார். ஏன் கோபம்? மேடைக்குப் பின்னால் டிரம்மரோடு சண்டை. சண்டை வருவது படத்தின் மூன்றாவது நிமிஷத்தில். எந்த மனசாட்சியுள்ளவன் ஒரு படத்தை மூன்றாவது நிமிஷத்திலிருந்து போடுவான்?

அக்கா டீத் தட்டோடு வந்து நின்றாள்.

“என்னங்க இது?”

“ஒரே ஒரு பாட்டும்மா.”

“லாரியிலேர்ந்து சாமான் இறக்கிக்கிட்டு இருக்காங்க. பாட்டு எங்க?”

“வருது, வருது. நீயும் உக்காரு.”

உட்கார்ந்தாள். என்ன செய்வாள்? தம்பி பக்கத்தில் இருக்க வேறு இடம் இல்லை. மெக்கானிக் தன் நாற்காலியில் அமர்ந்து, முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி, மச்சான் முகத்தில் பார்வையை நிறுத்தினார். தம்பி சிரித்தால் அவர் சிரித்தார். தம்பி கடிகாரத்தைப் பார்த்தபோது தாளத்தைக் கணக்குப்பண்ணுகிறான் என்று எடுத்துக்கொண்டார்.

“அக்கா, அது வந்து…” என்றான் தம்பி, இரண்டாவது பாட்டின் முடிவில்.

“மாப்ள! முன் வரிசையில மஞ்சத் துண்டு போட்ட பொண்ணப் பாத்தியா? இப்ப மயங்கி விழுவா. விழுந்துட்டா பாரு! அவளுக்கு இப்ப எழுவது வயசு இருக்கும். நல்லா இருக்காளோ என்னமோ.”

“அவ நல்லா இருப்பா,” என்றாள் மனைவி. “உங்க எதிர்ல உக்காந்திருக்கானே, இவன் நல்லா இருக்கானான்னு கேளுங்க.”

“கேக்காம என்ன? மாப்ள, நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன் மாமா. அதுல ஒரு விஷயம் என்னன்னா…”

“இரு, இரு. இப்ப வருது பாரு!”

இப்படியே கம்பி அறுந்தது, மழை வலுத்தது, மணி நாலைத் தாண்டியது. கீழ்வீட்டில் இரவுப் பணி முடித்துவிட்டுத் தூங்கும் நர்ஸம்மா துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார். “தாளமே இல்லாம இடிக்கிறாங்க,” என்று வருத்தப்பட்ட மெக்கானிக், சத்தத்தை ஒரு புள்ளி குறைத்தார். பிறகு, அந்த ஆறு நிமிஷம் நெருங்கியதால், மூன்று புள்ளி கூட்டினார்.

கிடார் எழுந்தது. சுவர் அதிர்ந்தது. டீக் கோப்பைகள் தட்டில் நடுங்கின. தம்பி இனிமேல் பொறுப்பதற்கில்லை என்று அக்காவின் காதருகே குனிந்தான்.

மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தார். மச்சானின் உதடுகள் அசைந்தன. கூடவே முணுமுணுக்கிறான்! அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்தது. தம்பியின் கண்ணும் நிறைந்தது. அவள் அவன் காதைப் பிடித்துத் திருகி, சிரித்து, மறுபடி அழுதாள்.

இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் பல் டாக்டர் ஒருவர் விக்கியிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் குறட்டை விட்டிருக்கிறார். இன்ஷூரன்ஸ்காரர் பாத்ரூம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அழுதவர் ஒருவர்கூட இல்லை. இன்று இரண்டு பேர், ஒரே நேரத்தில், சரியான இடத்தில்! மெக்கானிக்குக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

“நான் சொன்னேன்ல?”

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

டாக்ஸி வந்தது. லிஃப்ட் வாசலில் தம்பி அவரை இறுகக் கட்டிக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம் மாமா” என்றான்.

“தெரியும்டா. முகத்துலயே தெரிஞ்சுது. அடுத்த தடவை மிச்சத்தையும் பாத்துருவோம்.”

அப்படியே ஒரு லிஃப்ட் வேலைக்குப் போய்விட்டு, இருட்டியபின் திரும்பி வந்தபோது மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். “உன் தம்பியை நான் என்னமோன்னு நெனச்சேன். சரியான ரசிகன். எங்க அழணுமோ அங்க அழுதான்.”

அவள் குழாயை மூடினாள்.

“அவன் பெண்டாட்டி மாசமா இருக்கா. எட்டு வருஷம் கழிச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தான்.”



“எப்ப சொன்னான்?”

“எங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அப்ப.”

போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். அவன் விமானம் ஏறிப் போனை அணைத்துவிட்டிருந்தான். கூடத்துக்குப் போய் நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, அந்த ஆறு நிமிஷத்தை மறுபடி ஓட்டினார், சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு. மழையில் ஒருவர் ஓசையில்லாமல் கிடாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உற்றுக் கேட்டாலும், மச்சான் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் பதிவாகியிருக்கவில்லை.

திரையை அணைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

“அவன் எப்படிச் சொன்னான்? என்ன வார்த்தை சொன்னான்?”

“எதுக்கு?”

“சொல்லேன். நான் இங்கதான் நிக்கிறேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவர் வாயைத் திறக்காமல் கேட்டார். ஆனால் சொன்னவனின் முகம் அந்நேரம் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பாவம், இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. உங்களுக்கென்ன, நீங்கள் கச்சேரிப் படமே பார்க்காதவர். கிடாருக்கும் உங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. நல்லது. ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும். கொஞ்சம் முன்னால், மழை வலுத்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்களே, அப்போது வீட்டில் யாரோ உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னார்கள். நீங்களும் படிக்கிற வரியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்… இரு, இதோ முடிச்சிடறேன்” என்றீர்கள்.

அவர்கள் என்ன சொன்னார்கள்?