அம்மன் ரதத்தை இழுத்த மின்னல்

கேமரன் மலையில் கார் ஓட்டிய அத்தனை பேரும் பிரேக்கை நம்பினார்கள். மின்னல் மட்டும் தன் வாயை நம்பினார். "அண்ணே, வளைவு வருது" என்று நான் சொன்னால், "வரட்டும் டீச்சர், நான் வர்றது அதுக்கும் தெரியும் லா" என்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லோரி டிரைவர். மற்ற நேரத்தில், பழைய இரண்டு கதவுக் கார் ஒன்றை வைத்திருந்த பந்தய வீரர். அதுவரை எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை என்பது மட்டும் ஒரு சின்னக் குறை.

எஞ்சினுக்குப் பின்னால், கிளட்சை ஒட்டி, ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் சுழலும். ஈப்போவில் அதேபோல் இன்னொன்றை வாங்கி, பாதி இரும்பைக் கடைந்து எறிந்துவிட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

"பழசு எருமை. இது குதிரை. மிதிச்சா சீறும் பாருங்க!"

சீறியது உண்மை. ஆனால் மேட்டில் மெதுவாகக் கிளம்பினால் எஞ்சின் அணைந்துவிடும். அதனால் மேட்டில் அவர் காரை நிறுத்துவதே இல்லை. அவரோடு டவுனுக்குப் போனவர்கள் ஓடிக்கொண்டே ஏறி, ஓடிக்கொண்டே இறங்கினார்கள். கழற்றிய எருமைச் சக்கரத்தை அவர் மனைவி கோழிக்கூண்டு மேல் பாரமாக வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது, ரதத்தை இழுக்கும் டிராக்டர் படுத்துவிட்டது. லோரியைத் தர முடியாது என்றார் தோட்ட மேலாளர் துரை.

"என் கார் இழுக்கும்!" என்றார் மின்னல், யாரும் கேட்காமலே.

ரதத்தில் பூசாரி பக்கத்தில் பூத்தட்டோடு உட்காரும் முறை அந்த வருஷம் என் சின்ன மகளுக்கு. அர்ச்சனைத் தட்டு நீட்டும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரதம் நின்றாக வேண்டும். பாதி வீடுகள் மேட்டில். மேட்டின் ஒரு பக்கம் பள்ளம்.

ஒத்திகை வைத்தார்கள். அம்மனுக்குப் பதிலாக உர மூட்டைகள், பூசாரிக்குப் பதிலாக, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி. குதிரை சீறியது, துள்ளியது, அணைந்தது. பின்னால் வந்தவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டதால் ரதம் நின்றது. கங்காணி நிற்கவில்லை. தேயிலைச் செடிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"டேய் மின்னலு! அம்மன இழுடான்னா என்னைத் தூக்கி எறியறியா?"

"பிக்கப் அப்படி, கங்காணி!"

நான் காரின் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, எருமைய மாட்டுங்க. இல்லன்னா எம்பொண்ணு ஏறமாட்டா."

அவர் முகம் தொங்கிவிட்டது. திருவிழாவுக்கு மறுநாள் தாப்பா சாலையில் மலையேற்றப் பந்தயம். அவருடைய முதல் பந்தயம். சக்கரம் மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். திரும்ப மாற்ற நேரம் இருக்காது.

"எருமையோட ரேசுக்குப் போனா மாடுகூட சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும்."

காரை வெகுநேரம் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு கோழிக்கூண்டுப் பக்கம் போனார்.

"ஏ, அந்தச் சக்கரத்த எடு."

"மரநாய் கோழியத் தூக்கினா?" என்றார் மனைவி.

"அம்மனுக்கு லா!"

"அப்ப கூண்டு மேல நீங்க உட்காருங்க."

திருவிழா மாலை. பனிமூட்டத்தில் ரதம் மேட்டுக்கு வந்தது. மேலே மகள்; பின்னால், கட்டை போடுகிறவர்களோடு, கையில் ஒரு கட்டையுடன் நான். முதல் வீட்டுத் தட்டு நீண்டது. மின்னல் வாழ்க்கையில் முதல்முறையாக மேட்டில் காரை நிறுத்தினார்.

கற்பூரம் காட்டி முடிந்தது. கார் சீறவில்லை. முனகியது. ரதம் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. அடுத்த வீடு, நின்றது, நகர்ந்தது. அதற்கடுத்த வீடும் அப்படியே. உச்சியில் மேளம் வெடித்தபோது மகளின் தட்டிலிருந்து ஒரு பூகூடச் சிந்தியிருக்கவில்லை. மூக்கெல்லாம் கீறலோடு விசிலடித்தவர் கங்காணி. நான் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பந்தயத்திலிருந்து மின்னல் ஹாரன் அடித்துக்கொண்டே லயத்து வீடுகளைச் சுற்றி வந்தார்.

"ஜெயிச்சிட்டீங்களாண்ணே?"

"கடைசி! ஆனா ஒரு எடத்துலகூட எஞ்சின் நிக்கல டீச்சர்!"

அடுத்த வருஷம் டிராக்டர் சரியாகியும் யாரும் அதைக் கூப்பிடவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், இப்போது ரதத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ உட்காருகிறது. மேட்டில் ரதம் நின்று கிளம்பும்போது ஊரே அம்மனைப் பார்த்துக் கும்பிடும். நான் முதலில் கார்ப் பக்கம் கும்பிட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்துகிறேன்.