விசிறிப் போரும் வேதனைப் புள்ளிகளும்

ஒரு வெள்ளைப் பலகையும் மை தீராத ஒரு பேனாவும் இருந்திருந்தால் முதல் உலகப் போரை மாலைத் தேநீருக்குள் முடித்திருக்கலாம். இரண்டாவது தொடங்கியே இருக்காது. இப்படி அறிவித்தவர் முடிவெடுப்பு நிபுணர். தலைமையகம் வலைவீசிப் பிடித்து அனுப்பிய மகான். அலுவலகமே வாய் பிளந்து கேட்டது. நம்ப மறுத்தவர் தட்டச்சு அக்கா ஒருவர்தான்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. கூடத்தில் இருந்ததே ஒரு மின்விசிறி. அது சுற்றியது அக்காவின் தலைக்கு மேலே. வலப்பக்கம் கணக்குப் பிரிவுத் தலைவர். இடப்பக்கம் கிடங்குப் பிரிவுத் தலைவர். விசிறியைத் தன் பக்கம் நகர்த்தச் சொல்லி இருவரும் போட்ட சண்டையில் அக்காவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. இத்தனைக்கும் இருவரும் சம்பந்திகள். பேரப்பிள்ளை யார் ஜாடை என்பது தனி வழக்கு.

“இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாற்காலியத் தூக்கட்டும் சார். அப்புறம் உங்க விஞ்ஞானத்த நம்பறேன்” என்றார் அக்கா.

நிபுணர் ஞானியைப் போலப் புன்னகைத்தார். காற்று வராததால் எவ்வளவு ‘வேதனை’ என்று இரு தரப்பும் நூற்றுக்குள் புள்ளி போட வேண்டும் என்றார். கணக்கு தொண்ணூறு போட்டார். கிடங்கு நானூறு போட்டார்.

“நூத்துக்குள்ளன்னா என்னன்னு தெரியாதவர்கிட்டதான் கிடங்குச் சாவி இருக்கு” என்றார் கணக்கு, தன்னுடையதை லட்சமாகத் திருத்திக்கொண்டே. பலகை நிறைந்து வேதனை சுவரிலும் பரவியது.

நிபுணர் கண்ணை மூடினார். திறந்தபோது தீர்ப்பு பிறந்திருந்தது. விசிறி நகராது. இரு தலைவர்களின் மேசைகளும் அதன் கீழே வரும். அங்கே இடைஞ்சலாக இருக்கும் மேசை, ஜன்னலில்லாத மாடிப்படி அடிக்குப் போகும்.

“எனக்கும் வேர்க்கும் சார்” என்றார் அக்கா.

“வேர்க்கலாம்மா. ஆனா நீங்க சண்டையே போடலையே. உங்க வேதனை பூஜ்யம். பலகையிலயே நீங்க இல்ல.”

அடடா, என்ன துல்லியம்! அக்கா வாயைத் திறக்குமுன் அக்காவின் மேசையை ஒரு முனையில் கணக்கு பிடித்தார், மறுமுனையில் கிடங்கு.

“பார்த்து சம்பந்தி, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது.”

“நீங்க மெதுவா வாங்க சம்பந்தி, பாரத்த நான் தாங்கிக்கறேன்.”

பகை மறந்து இரு உள்ளங்கள் இணைந்த அந்தக் காட்சியில் கூடமே கைதட்டியது. நிபுணர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் வெற்றியைப் பதிவுசெய்ய வந்த நிபுணர், தலையில் இடித்துக்கொண்டு படிக்கு அடியில் குனிந்தார். “இப்பவாவது நம்பறீங்களாம்மா?”

அக்கா முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

“நம்பறேன் சார். நான் ஒரு நாற்காலியத்தான் தூக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒத்துமையா என் மேசையையே தூக்கிட்டாங்க.”